ஐலிஃப் வானிலை

“மூடுபனிடா அது, மூடு…”

“பனிக்கட்டிக்கா! கடல் மேல மிதக்குற பனிக்…”

“நான் பேசிட்டு இருக்கேன்ல? செயற்கைக்கோள் படத்துல தீவைச் சுத்தி வெள்ளைவெளேர்னு…”

“வெள்ளையாத்தான் இருக்கும். பனிக்கட்டி பின்ன பச்சையாவா…”

“குறுக்க பேசாதடா!”

“நான் எங்க பேசினேன்? நீதான்…”

உண்மையில் இரண்டு பேருமே குறுக்கே பேசவில்லை. பேச்சு போகும் வழி அப்படி. எங்கள் தீவிலிருந்து ஒரு சொல் கிளம்பினால், அது எங்கோ பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிற செயற்கைக்கோள் வரைக்கும் ஏறி, அங்கிருந்து நார்வேக் கரைக்கு இறங்க வேண்டும். பதிலும் அதே வழியாகத் திரும்ப வேண்டும். அதற்குள் இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பொறுமை போய், அடுத்த வாக்கியத்தை எடுத்துவிடுவார். சாதுக்களையே சண்டைக்காரர்களாக்கிவிடும் அந்த ஃபோன். இவர்களோ அக்காவும் தம்பியும்.

தம்பி ஐலிஃப், ஸ்டோர்ஹோல்மென் தீவு வானிலை நிலையத்தில் வானம் பார்த்து எழுதுகிறவன். அக்கா போர்ஹில்ட், கரையில் வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு சொல்கிறவள். விமானம் கிளம்பலாமா கூடாதா என்பது அவள் வாயில் இருந்தது. நான் ரன்வெய், நிலையத்துச் சமையல்காரி. ஃபோனை ஒலிபெருக்கியோடு சாப்பாட்டு அறையில்தான் வைத்திருந்தார்கள். அதனால் ஒன்பது பேருடைய குடும்பச் சண்டைகளும் என் காது வழியாகத்தான் போய்வந்தன.

1996, மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதேகால். அன்று பிற்பகல் விமானம் வர வேண்டும். வருஷத்துக்கு ஆறு முறைதான் வரும். மறுநாள் ஞாயிறு, ஐலிஃபின் ஒரே மகள் மைக்கெனுக்கு கரையில் ஹார்ஸ்டா ஊர்க் கோவிலில் திடப்படுத்தல், பதினைந்து வயதில் ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்துகிற சடங்கு. சனிக்கிழமை விமானம் வந்தால் அப்பா கோவிலில் இருப்பான். வராவிட்டால் அடுத்தது ஜூலையில்.

“அக்கா, ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் சொல்றேன். வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. செவ்வாய்க்கிழமை வடக்குக் காத்து பனிக்கட்டியைக் கொண்டாந்து தீவைச் சுத்திக் குவிச்சிருச்சு. உன் படத்துல தெரியுற வெள்ளை அதுதான்.”

“மே மாசம் அங்க வெள்ளைன்னா மூடுபனி. பதினெட்டு வருஷமா பார்க்கிறேன்.”

“நீ படத்தைப் பார்க்கிற. நான் வானத்தைப் பார்க்கிறேன்.”

“எந்தக் கண்ணு வச்சுப் பார்க்கிற? போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குப் பார்த்தியே, அந்தக் கண்ணா?”

அறையில் இருந்த எல்லாரும் அவரவர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த டிசம்பரில் விமானத்தில் பண்டிகை விருந்துக்குப் பன்றி விலா, கடிதங்கள், கிறிஸ்துமஸ் மரம், எல்லாம் ஏறியிருந்தன. இங்கேயோ பனி கொட்டிக்கொண்டிருந்தது. ‘ரெண்டு மணி நேரத்துல வெளுத்துரும், வந்து சேரும்போது சரியா இருக்கும்’ என்று ஐலிஃப் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ‘வானம் தெளிவு’ என்று அனுப்பிவிட்டான். விமானம் வந்தது. நாற்பது நிமிஷம் எங்கள் தலைக்கு மேலே சத்தம் மட்டும் கேட்டது. பிறகு விலாவும் கடிதமும் மரமும் திரும்பிப் போயின. அன்றிலிருந்து விமானிகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒருவன் சொல்கிற எதற்கும் ‘ஐலிஃப் வானிலை’ என்று பெயர். விமானிகளிடமிருந்து அது ஊருக்குள் வந்துவிட்டது. வியாழக்கிழமை மைக்கென் ஃபோனில் கேட்டாள்: “அப்பா, நீ நிஜமா வர்றியா? இல்ல, இதுவும் ஐலிஃப் வானிலையா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் அப்படியே தட்டில் இருந்தது.

“அக்கா, அது அப்போ. இப்ப சொல்றேன், சத்தியமா…”

“சத்தியம் பண்ணாத! ஏழு வயசுலயே முல்டெப் பழ ஜாமைப் பூனை தின்னுச்சுன்னு சத்தியம் பண்ணின வாய் அது.”

“பூனைதான் தின்னுச்சு!”

“ஆமா, மூடியைத் திருகித் திறக்கத் தெரிஞ்ச பூனை! அம்மா சதுப்புல கொசுக்கடி பட்டுப் பொறுக்கினது, கிறிஸ்துமஸுக்குன்னு வச்சது, ரெண்டு பாட்டில்! அன்னிக்கு உன் மூக்கு வரைக்கும் மஞ்சள் அப்பியிருந்தது.”

“அது சளி.”

நான் சிரித்துவிட்டேன். அது ஒலிபெருக்கி வழியாக அவளுக்கும் போயிற்று.

“யாரு, ரன்வெய்யா? இன்னிக்குக் கூடக் கையெழுத்து யாரு போடுறது?”

விலாக் கதைக்குப் பிறகு வந்த விதி அது. விமான நாளில் ஐலிஃப் எழுதுவதற்குக் கீழே இன்னொருவர் கையெழுத்து இருக்க வேண்டும், விமானம் வந்தே ஆக வேண்டும் என்று ஆசையில்லாத ஒருவருடையது.

“ரன்வெய்தான் போடுறாங்க” என்றான் ஐலிஃப்.

“ரன்வெய்க்கு முட்டை வேணும். வெள்ளிக்கிழமை மே பதினேழு. கேக்குக்கு முட்டை வரணும்.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையும் அதுதான். மூன்று வாரமாக முட்டைப் பொடியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தேசிய நாளன்று முட்டைப் பொடியில் கேக் வைத்தால் இந்த ஆண்கள் என்னைக் கடலில் இறக்கிவிடுவார்கள்.

“சரி, ஹல்வர்?” என்றான் ஐலிஃப்.

“ஹல்வருக்கு வாய்ப்புகையிலை தீர்ந்து ஒன்பது நாளாச்சு.”

நிலையத் தலைவர் ஹல்வர் புகையிலைக்குப் பதிலாகத் தேயிலைப் பையைக் கீழ் உதட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மெக்கானிக்?”

“அவன் பொண்டாட்டி கடுதாசி வரணும்.”

“பிஷப்?”

“பிஷப்புக்கு ஒண்ணும் வேணாம். ஆனா கையெழுத்துப் போடத் தெரியாது.”

பிஷப் எங்கள் நாய். கரடி வந்தால் குரைப்பதற்காக வைத்திருந்தோம். ஐம்பது கிலோ இருக்கும். கரடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும்.

“கேளுடா” என்றாள் போர்ஹில்ட், குரலைக் கொஞ்சம் இறக்கி. “நான் அந்தப் புள்ளைக்கு அத்தை. ஞானத்தாயும் நான்தான். தம்பிக்காகத் தீர்ப்புச் சொன்னாள்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. வானிலைச் செயற்கைக்கோள் நூறு நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்க மேல போகுது. அடுத்தது பத்து இருபதுக்கு. அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறேன். வெள்ளை நகர்ந்திருந்தா அது மூடுபனி. அப்படியே கிடந்தா பனிக்கட்டி. பதினோரு மணிக்கு விமானம் கிளம்பணும். அதுக்குள்ள சொல்றேன்.”

“நகராதுக்கா.”

“பார்ப்போம்.”

அந்த ஒன்றரை மணி நேரம் ஐலிஃப் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். திடப்படுத்தல் விருந்தில் அப்பா எழுந்து மகளைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சை நாங்கள் எல்லாரும் இருபது தடவையாவது கேட்டிருப்போம்.

“‘அன்புள்ள மைக்கென், நீ பிறந்த அன்று தென்மேற்குக் காற்று, நொடிக்குப் பதினான்கு மீட்டர்…’”

“அதை எடுத்துரு” என்றார் ஹல்வர்.

“ஏன்? உண்மைதானே?”

“பதினஞ்சு வயசுப் பொண்ணு விருந்துல காத்து வேகத்தைச் சொல்றவன் நீ ஒருத்தன்தான்யா இருப்ப.”

“பதிமூணாவது வரியில பனிச்சறுக்குல விழுந்த கதை வருதே, அதையும் எடுங்க” என்றேன் நான். “கூட்டாளிங்க முன்னாடி மானம் போயிடும்.”

“அப்ப என்னதான் மிச்சம்?”

“‘அன்புள்ள மைக்கென்’னு நின்னு அழு. அது போதும்” என்றார் ஹல்வர்.

பத்து ஐம்பதுக்கு ஃபோன் அடித்தது. அவன் பாய்ந்து எடுத்தான்.

“ஐலிஃப்.”

“சொல்லுக்கா.”

“நகரல.”

“என்ன?”

“நகரலடா. விளிம்பெல்லாம் அப்படியே இருக்கு. வடகிழக்குல ஒரு பிளவு இருந்துச்சு, அதுகூட அதே இடத்துல. பனிக்கட்டிதான். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இதை எழுதி மாட்டி வச்சுக்க, இன்னொரு தடவை கிடைக்காது. பதினோரு மணிக்குக் கிளம்பச் சொல்றேன். அதுக்குள்ள உங்கிட்ட இருந்து வேற சேதி வரலைன்னா, ஒன்பது மணிக்கு நீ சொன்னதே நிற்கும்.”

அவன் ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நான் லேசான ஆள் இல்லை. ஹல்வர்கூட எழுந்து தேயிலைப் பையைத் துப்பிவிட்டு, “ஒரு மணிக்கு உண்மையான புகையிலை” என்றார்.

என்னை இறக்கிவிட்ட ஐலிஃபின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அந்த முகம் மாறுவதைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன்.

தெற்கே இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரு கிலோமீட்டரில் ஒரு கரும்பாறை, அதற்குக் ‘கோயில்பிள்ளை’ என்று பெயர். எட்டு கிலோமீட்டரில் ஒரு மலை, அது ‘பாதிரி’. இரண்டும் தெரிந்தால் விமானம் இறங்கலாம். ஒன்றே ஒன்று தெரிந்தால் இறங்கக் கூடாது. பாதிரியைக் காணோம். கடல் மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயில்பிள்ளையின் கால், இடுப்பு, தோள், எல்லாம் போயிற்று.

அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் அசையவில்லை.

“சின்னத் துண்டுதான்” என்றார் ஹல்வர் கடைசியில். “விமானம் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள போயிடும்.”

“போயிடும்” என்றான் மெக்கானிக்.

ஐலிஃப் ஃபோனை எடுத்தான். காதில் வைத்தான். தட்டினான். மறுபடி வைத்தான்.

“லைன் இல்ல.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அப்போது மூச்சு வந்தது. எனக்கும்தான். முட்டை என் கண் முன்னால் தட்டுத் தட்டாக நின்றது.

“லைன் இல்லைன்னா நாம என்ன பண்றது?” என்றார் ஹல்வர், மெதுவாக. “சேதி சொல்ல முடியல. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஐலிஃப். ஒன்பது மணிக்கு நீ சொன்னது உண்மைதானே?”

ஐலிஃப் பின்பக்க ஜன்னலுக்குப் போனான். நானும் போனேன்.

எங்கள் ஃபோனின் ஆன்டெனாத் தட்டு மற்ற ஊர்களில் உள்ளது போல வானத்தைப் பார்த்து நிற்காது. பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதை இத்தனை வடக்கிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட கடல்மட்டத்துக்கே குனிய வேண்டும். கட்டிலுக்கடியில் செருப்புத் தேடுகிற மாதிரிதான் அது இருக்கும். குளிர்காலம் முழுக்கக் காற்று அதன் முன்னால் ஒரு பனிமேட்டைச் சேர்த்திருந்தது. அந்த மேட்டின் உச்சியில், தட்டுக்கு நேர் முன்னால், லைனை மறித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிஷப் உட்கார்ந்திருந்தது. அந்த மூடுபனியைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

மணி பத்து ஐம்பத்தாறு.

“அது அங்கதான் உக்காரும்” என்றார் ஹல்வர். “கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சிரும்.”

ஐலிஃப் ஹல்வரைப் பார்த்தான். மேசையில் கிடந்த பேச்சுத் தாளைப் பார்த்தான். பிறகு காலில் இருந்த கம்பளிக் காலுறையோடு கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

“பிஷப்! இறங்கு! இறங்குடா கழுதை!”

நாய்க்கு ஒரே சந்தோஷம். விளையாட ஆள் வந்துவிட்டது. அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான், அது மல்லாந்து படுத்தது. அவன் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் தாவியது. திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டியது. உள்ளே ஆண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் அவன் குனிந்து, அந்த ஐம்பது கிலோவையும் ஆட்டுக்குட்டி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றான். முழங்கால் வரை பனியில் புதைந்திருந்தான்.

“ரன்வெய்! ஃபோனை எடுங்க! இறக்கிவிட்டா திரும்ப ஏறிக்கும்! நீங்க பேசுங்க!”

எடுத்தேன். லைன் இருந்தது. கண் முன்னால் நின்ற முட்டைத் தட்டெல்லாம் சரிந்து விழுந்தன.

“போர்ஹில்ட், நான் ரன்வெய். விமானத்தை நிறுத்துங்க.”

“என்ன சொல்றீங்க? அவன் எங்க?”

“வெளியில நாயைத் தூக்கிட்டு நிக்கிறான்.”

அரை நொடி. இன்னொரு அரை நொடி.

“எதைத் தூக்கிட்டு?”

“அதை விடுங்க. மூடுபனி வந்துருச்சு. பாதிரியைக் காணோம், கோயில்பிள்ளையைக் காணோம்.” ஜன்னலைத் திறந்தேன். “ஐலிஃப்! எத்தனை மீட்டர்?”

“எண்ணூறுகூட இல்ல!” தோளில் நாய் அவன் காதை நக்கிக்கொண்டிருந்தது. “அறுநூறுன்னு சொல்லுங்க! தெற்கு தென்மேற்குக் காத்து, நாலு மீட்டர்!”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “ரன்வெய், இது உங்க முட்டை. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“என் உயிரே அந்த முட்டையிலதான் இருக்கு. இருந்தும் சொல்றேன்.”

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கத்துவது கேட்டது: “நிறுத்து! எஞ்சினை நிறுத்தச் சொல்லு!” மணி பத்து ஐம்பத்தொன்பது.

ஐலிஃப் உள்ளே வந்தான், காலுறை இரண்டும் பனியுருண்டையாக. நாயை இந்த முறை மெக்கானிக் வெளியே காவல் காத்தான், கயிறு கட்டி. நான் வெந்நீர்ப் பாத்திரத்தைக் காலடியில் வைத்தேன். ஹல்வர் அவன் முகத்தைப் பார்க்காமல் தன் சொந்தக் காலுறையைக் கழற்றிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மன்னிப்பை அந்த மனிதர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது.

“டேய், அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். தெற்கு விளிம்புல நூல் மாதிரி ஒரு மங்கல். பனிக்கட்டியோட ஓரம்னு நினைச்சு விட்டுட்டேன். அதுதான் உன் மூடுபனி. அகலம் ஜாஸ்தி இல்ல. நீ சொன்ன காத்து வேகத்துக்கு ஒரு மணிக்கு மேல உங்களைக் கடந்து போயிடணும். விமானிகள் ரெண்டு மணி வரைக்கும் காத்திருப்பாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு வேலை நேரம் முடிஞ்சிரும். அரை மணிக்கு ஒரு தடவை சொல்லு. கூட்டாதே, குறைக்காதே.”

“சரிக்கா.”

“கூடக் கையெழுத்து வேணாம்.”

அவன் ரிசீவரை வைத்துவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனான்.

பன்னிரண்டுக்கு: “ஒண்ணும் தெரியல.” பன்னிரண்டரைக்கு: “ஒண்ணும் தெரியல.” ஒரு மணிக்கு நானே போய் ஜன்னலைத் துடைத்தேன், என்னவோ கண்ணாடியில்தான் குற்றம் என்பது போல. ஒன்றரைக்குக் கரும்பாறை மெல்லத் தலை நீட்டியது.

“கோயில்பிள்ளை வந்தாச்சு” என்றான் ஃபோனில்.

“பாதிரி?”

“இல்ல.”

“நல்லாப் பாரு. லேசா?”

“அக்கா, இல்லைன்னா இல்ல.”

ஒன்று நாற்பதுக்கு நாயோடு வெளியே நின்ற மெக்கானிக் போக, எங்கள் எட்டுப் பேர் மூக்கும் கண்ணாடியில் அப்பியிருந்தன.

“இடுப்பு வரைக்கும் தெரியுது” என்றான்.

“தலை?”

“தலை இல்ல.”

“ஐலிஃப், விமானி வாசல்ல நிக்கிறான். இடுப்பு தெரிஞ்சா தலை எங்கடா போயிடப் போகுது?”

“அது எனக்குத் தெரியாது. தெரியுறதைத்தான் சொல்றேன்.”

ஹல்வர் வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். ஆனால் தோளில் தட்டினார்.

ஒன்று ஐம்பத்திரண்டு. மலையுச்சியில் வெயில் பட்டது, யாரோ தொப்பியைக் கழற்றின மாதிரி.

“தலை! அக்கா, தலை தெரியுது! தலை, கழுத்து, எல்லாம், பின்னால கடல்கூட…”

“கிளம்பச் சொல்லியாச்சுடா! கத்தாத, காது போச்சு!”

விமானம் மூன்றே முக்காலுக்கு இறங்கியது. முட்டை பன்னிரண்டு தட்டு. இரண்டே இரண்டுதான் உடைந்திருந்தன. ஹல்வர் புகையிலை டப்பாவை ஓடுபாதையிலேயே பிரித்தார். ஐலிஃப் கோட்டும் சூட்டும் போட்டு, கீழே ரப்பர் பூட்ஸோடு நின்றான். பளபளப்பான ஷூ பையில், பேச்சு சட்டைப்பையில். காற்றின் வேகத்தை எடுக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஹல்வர் வெளியே டிராக்டரை உறுமவிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“அவனைக் கூப்பிடுங்க, அரை நிமிஷம்.”

அவன் ஓடிவந்து எடுத்தான். “சொல்லுக்கா, நேரமில்ல.”

“ஹார்ஸ்டாவுக்கு எட்டு மணிப் படகுல இடம் சொல்லி வச்சிருக்கேன். மைக்கென்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘அத்தை, இதுவும் ஐலிஃப் வானிலையா’ன்னு கேட்டா. ‘ஆமாடி, அதான் நம்பலாம்’னேன்.”

அவன் சூட்டின் கையாலேயே மூக்கைத் துடைத்தான். நான் கரித்துணியை நீட்டியதை அவன் பார்க்கவில்லை.

“அக்கா…”

“இரு, நான் இன்னும் முடிக்கல. இன்னிக்கு உன் வாயில உண்மையா வந்துட்டு இருக்கு, சூட்டோட சூடா இதையும் சொல்லிட்டுப் போ. அந்த முல்டெ ஜாம், ரெண்டு பாட்டில், பூனையா, நீயா?”